கேம் ஷாஃப்ட் வாங்கப் போன கதை

"கோடை லீவு முழுக்க நீங்க ரெண்டு பேரும் அந்த டிரக்குக்கு அடியிலேயே கிடந்தீங்களே, அப்படி என்னதான் பண்ணீங்க?" என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். "ஒரு கேம் ஷாஃப்ட் வாங்கினோம்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. எஞ்சினைப் பிரித்ததும் கோத்ததும் வெறும் உடல் உழைப்பு. மூளையைக் கசக்கியதும், சண்டை போட்டதும், மூன்று நாள் பேசாமல் இருந்ததும் எல்லாமே அந்த ஒரு இரும்புத் தண்டுக்காகத்தான். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். மெக்கானிக்கல் படிக்காதவர்கள் பயந்து ஓட வேண்டாம். புரியும்படி சொல்ல முயற்சி பண்ணுகிறேன் :-)

முதலில் வண்டி. 1979-ஆம் வருடத்து செவ்ரோலே கே-10 பிக்கப் டிரக். நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. உள்ளே இருப்பது செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் வி-8 எஞ்சின், 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். இந்த எஞ்சின் குடும்பம் 1955-ல் பிறந்தது. 350 அளவு 1967-ல் வந்தது. கொலராடோவில் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் சரி, பக்கத்து வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தாலும் சரி, இந்த எஞ்சின் ஒன்றாவது கண்ணில் படும். உதிரி பாகம் கிடைக்காது என்ற பேச்சே இல்லை. நானும் என் அறைத் தோழனும் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.

எதற்காக அந்த வண்டி என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சத்தத்துக்காக. விற்றவர் சாவியைத் திருப்பியதும் அது 'தட தட... தடக்... தட தட' என்று நொண்டிக்கொண்டே உறுமியது. சும்மா நிற்கும்போதே வண்டி முழுக்க ஆடியது. நண்பன் என் கையைப் பிடித்து அழுத்தினான். "மாப்ள, இதான்டா வண்டி" என்றான். துருப்பிடித்த கதவு, கிழிந்த சீட்டு எதையுமே நாங்கள் பார்க்கவில்லை. அந்தச் சத்தம் வந்தது முந்தைய சொந்தக்காரர் மாட்டியிருந்த பெரிய கேம் ஷாஃப்டால் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

*

மே மாதம் ஒரு சனிக்கிழமை. நாங்கள் இருக்கும் ஃபோர்ட் காலின்ஸ் ஊருக்கு மேற்கே மலைக்காட்டுப் பாதை. பாறையும் மண்ணுமாகச் செங்குத்தான ஒரு ஏற்றம். நான் ஓட்டினேன். நண்பன் கீழே இறங்கி, பின் சக்கரம் வழுக்கினால் கல் வைக்கலாம் என்று வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் திணறியது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டால் அணையப் போகிறது, மிதித்தால் துள்ளுகிறது. ஒரு பாறையில் முன் சக்கரம் முட்டியதும் அணைந்தே விட்டது. நான் பதறிப்போய் கிளட்சை மிதித்தேன். (அதுதான் என் தப்பு. கியரிலேயே விட்டிருந்தால் வண்டி அப்படியே நின்றிருக்கும்.) பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது.

ஐந்தாறு அடிதான் உருண்டிருக்கும். பின் டயர் ஒரு பாறையில் இடித்து நின்றது. கண்ணாடியில் பார்த்தால் நண்பனைக் காணோம். அந்த இரண்டு வினாடி எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. அவன் பக்கத்துப் புதரிலிருந்து எழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு வந்து, "என்னடா மாப்ள, ரிவர்ஸ்ல ஏறலாம்னு பாத்தியா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து எஞ்சின் கார்புரேட்டர் வழியாக 'பட் பட்' என்று வெடிக்க ஆரம்பித்தது. வால்வு மூடியைக் கழற்றி எஞ்சினைச் சுற்றிப் பார்த்தோம். ஒரு எக்ஸாஸ்ட் ராக்கர் மற்றவை அளவுக்கு அசையவில்லை, பாதிதான் எழும்பியது. கேமின் மேடு தேய்ந்து வட்டமாகிவிட்டது. எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல் இன்டேக் பக்கமாகத் திரும்பி வருவதுதான் அந்த வெடிச் சத்தம். தேய்ந்த இரும்புத் தூள் எண்ணெயோடு எஞ்சின் முழுக்கச் சுற்றியிருந்தது. பேரிங்கில் எல்லாம் கீறல். முழுசாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பிளாக்கை ஊரில் இருந்த ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சிலிண்டரை 0.030 அங்குலம் கூட்டிக் கடைந்து, கிராங்க்கைப் பாலிஷ் போட்டுத் தந்தார்கள். மற்றதெல்லாம் எங்கள் வாடகை வீட்டுக் கராஜில், நாங்களே. இனி ஒரு கேம் ஷாஃப்ட் வாங்க வேண்டும். எந்த கேம்?

*

கேம் ஷாஃப்ட் என்ன செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கல்யாணப் பந்திதான். சிலிண்டர்தான் சாப்பாட்டுக் கூடம். இன்டேக் வால்வு உள்ளே வரும் கதவு, எக்ஸாஸ்ட் வால்வு வெளியே போகும் கதவு. எந்தக் கதவை எப்போது திறப்பது, எவ்வளவு அகலம் திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்யும் ஆள்தான் கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். அதன் மேல் இருக்கும் முட்டை வடிவ மேடுகள் லிஃப்டரைத் தூக்க, லிஃப்டர் புஷ் ராடைத் தூக்க, ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும்.

கூட்டம் அவசரமாக ஓடிவரும்போது கதவை அதிக நேரம் திறந்து வைத்தால் லாபம். வந்த வேகத்திலேயே இன்னும் நாலு பேர் உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் கூட்டம் மெதுவாக நடந்து வரும்போது கதவை ரொம்ப நேரம் திறந்து வைத்தால் என்ன ஆகும்? உள்ளே வந்தவர்களே திரும்ப வெளியே போய்விடுவார்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் சாப்பிட்டு முடித்தவர்களும் சாப்பிட வந்தவர்களும் முட்டிக்கொண்டு குழப்பம்தான். நாங்கள் மயங்கிய அந்த 'தட தட' சத்தம் இந்தக் குழப்பம்தான். எஞ்சின் தடுமாறுவதை வீரம் என்று நினைத்துவிட்டோம்.

கேம் அட்டவணையில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். லிஃப்டர் 0.050 அங்குலம் எழும்பியதிலிருந்து திரும்ப அந்த உயரத்துக்கு இறங்கும் வரை கிராங்க் எத்தனை டிகிரி சுற்றுகிறது என்பது டியூரேஷன். வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பது லிஃப்ட். இன்டேக் மேட்டின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் மேட்டின் உச்சிக்கும் நடுவில் உள்ள கோணம் லோப் செபரேஷன். எங்கள் முன்னால் இருந்தவை இவை:

ஒன்று, 350 எஞ்சின்களில் கம்பெனியே பரவலாகப் போட்ட சாதாரண கேம். இன்டேக் 195 டிகிரி, எக்ஸாஸ்ட் 202 டிகிரி, செபரேஷன் 112.

இரண்டு, டிரக்குக்கும் இழுவை வண்டிக்கும் என்று விற்கப்படும் நடுத்தர கேம். இன்டேக் 204, எக்ஸாஸ்ட் 214, செபரேஷன் 112. ஐடிலிலிருந்து 5,500 ஆர்பிஎம் வரை என்று போட்டிருந்தது.

மூன்று, பெரிய கேம். இரண்டுமே 230 டிகிரி, செபரேஷன் 110. வேலை செய்யும் எல்லை 2,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரை. அதே பழைய உறுமல், கேரண்டி.

விலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதுதான் பெரிய தலைவலி. மற்ற விஷயங்களில் எல்லாம் எங்கள் பர்ஸே எங்களுக்காக முடிவு எடுத்துவிடும். இதில் அந்த வசதி இல்லை.

(உருளை வைத்த ரோலர் லிஃப்டர் ஏன் வாங்கவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். 1987-லிருந்துதான் இந்த எஞ்சின் குடும்பத்தில் கம்பெனியே ரோலர் கேம் போட ஆரம்பித்தது. எங்கள் பிளாக் அதற்கு முந்தையது. மாற்றிப் பொருத்தும் செட் பல மடங்கு விலை. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.)

*

நண்பனுக்குக் குழப்பமே இல்லை. "மூணாவதுதான். அந்தச் சத்தம் இல்லேன்னா அது நம்ம வண்டியே இல்ல மாப்ள" என்றான். நான் ஏதோ டார்க், அது இது என்று இழுத்தேன். "குதிரைத் திறன் எதுல ஜாஸ்தி, அதச் சொல்லு" என்றான். மூன்றாவதில்தான் ஜாஸ்தி. பொய் சொல்ல முடியாது. பேச்சு வளர்ந்து, "உனக்கு ஓட்டத் தெரியாததுக்கு கேம் என்னடா பண்ணும்?" என்று கேட்டுவிட்டான். நான் எழுந்து போய்விட்டேன். அதுதான் அந்த மூன்று நாள் மௌனம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க டிரக் எஞ்சினோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். மூன்றாம் நாள் அவரிடம் போய் மூன்று எண்களையும் காட்டி எதை வாங்கலாம் என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நீ கேம் பத்தி எழுதிட்டு வந்திருக்க. வண்டியைப் பத்தி எழுதிட்டு வா. எந்த கியர்ல, எந்த வேகத்துல, எந்த ஆர்பிஎம்ல ஓடப் போகுதுன்னு எழுது. ஓட்ட ஆசைப்படறது வேண்டாம். நிஜமா ஓட்டறதை எழுது" என்றார்.

பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தேன். எங்கள் வண்டியில் நாலு கியர் மேனுவல் பெட்டி. முதல் கியர் 6.55, இரண்டாவது 3.58, மூன்றாவது 1.70, நாலாவது நேர் ஒன்று. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் இன்னொரு 1.96 மடங்கு. ஆக்சிலில் 3.73. டயர் 33 அங்குலம்.

நெடுஞ்சாலையில் நாலாவது கியர், மணிக்கு 60 மைல். கணக்குப் போட்டால் எஞ்சின் சுமார் 2,280 ஆர்பிஎம்.

ஊருக்குள் மூன்றாவது கியர், 30 மைல். சுமார் 1,900.

மலைச்சாலை ஏற்றத்தில் மூன்றாவது கியர், 50 மைல். சுமார் 3,200. அதற்கு மேல் இந்த வண்டியை வளைவில் ஓட்டும் தைரியம் எங்கள் இருவருக்குமே கிடையாது.

பாறைப் பாதையில் லோவில் முதல் கியர். 6.55-ஐ 1.96-ஆல் பெருக்கி, அதை 3.73-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 48. அதாவது எஞ்சின் 48 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 1,000 ஆர்பிஎம்மில் வண்டி மணிக்கு 3.3 கிலோமீட்டர் போகும். நாம் நடப்பதைவிட மெதுவு. லோவில் இரண்டாவது கியர், 1,500 ஆர்பிஎம் என்றால் 9 கிலோமீட்டர்.

எழுதி முடித்துப் பார்த்தேன். எங்கள் எஞ்சினின் வாழ்க்கை முழுவதும் 700-க்கும் 3,200-க்கும் நடுவில்தான். பெரிய கேம் 2,000-க்கு மேல்தான் கண்ணையே திறக்கும். அது பெருமையோடு தரும் அந்த உச்சகட்டக் குதிரைத் திறன் 5,500 பக்கம் இருக்கிறது. அந்த இடத்துக்கு நாங்கள் ஒரு நாளும் போகப் போவதில்லை. போகாத ஊருக்கு வழி என்பார்களே, அந்த வழிக்குத்தான் நாங்கள் காசு கட்டப் பார்த்தோம்.

தாளை நண்பன் மேஜையில் வைத்தேன். அவன் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வந்து, "சரி, கீழ் ஆர்பிஎம்ல எவ்வளவுதான் குறைஞ்சிடும்? அதையும் கணக்குப் போடு, பாப்போம்" என்றான். மௌனம் முடிந்தது. அவனும் இன்ஜினியர்தானே. கணக்கு என்றால் கோபம் மறந்துவிடும்.

*

இருவரும் சேர்ந்து போட்ட கணக்கு இது.

பிஸ்டன் கீழே போய் முடித்து, மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். எல்லா எஞ்சினிலும் அப்படித்தான். எவ்வளவு நேரம் என்பதில்தான் வித்தியாசம். நடுத்தர கேமில், இன்டேக் உச்சியை 107 டிகிரியில் வைத்தால், 102-ஐயும் 107-ஐயும் கூட்டி 180-ஐக் கழித்தால் 29. பிஸ்டன் அடியைத் தொட்ட பிறகு 29 டிகிரியில் லிஃப்டர் அந்த 0.050 அளவுக்கு இறங்கிவிடும். பெரிய கேமில், உச்சி 106 என்றால், அது 41 டிகிரி.

12 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் இந்த எஞ்சினில் பிஸ்டன் பயணம் 88 மில்லிமீட்டர். 29 டிகிரியில் பிஸ்டன் அடியிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் ஏறியிருக்கும். 41 டிகிரியில் சுமார் 8 மில்லிமீட்டர். இரண்டு மடங்கு. அதற்குப் பிறகும் வால்வு முழுசாக மூட இன்னும் நேரம் ஆகும். மெதுவாகச் சுற்றும்போது அந்தத் தூரம் முழுக்க பிஸ்டன், தான் இழுத்த காற்றையும் பெட்ரோலையும் தானே திரும்ப மேலே தள்ளிக்கொண்டிருக்கும். எங்கள் எஞ்சின் எழுபதுகளின் புகைக் கட்டுப்பாட்டுக் காலத்து எஞ்சின். அழுத்த விகிதமே எட்டரையைத் தாண்டாது. இருப்பதே கொஞ்சம், அதையும் வெளியே தள்ளினால்?

இதோடு கொலராடோவின் உயரம். நாங்கள் போக ஆசைப்பட்டது சான் வான் மலைத்தொடரில் இருக்கும் சினமன் கணவாய். லேக் சிட்டி ஊரிலிருந்து ஏறும் ஆல்பைன் லூப் பாதையில் வருகிறது. உயரம் 12,640 அடி, அதாவது சுமார் 3,850 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 62 சதவீதம்தான். எஞ்சினுக்குப் பாதி மூச்சுதான் கிடைக்கும் இடத்தில், கிடைத்ததையும் கொட்டும் கேமை மாட்டுவதா?

கடைசியாக பிரேக். இந்த வண்டியில் பிரேக்குக்கு உதவி செய்வது எஞ்சினின் இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடம். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தை, அதாவது ஓவர்லாப்பை, 0.050 அளவில் கணக்கிட்டால் நடுத்தர கேமுக்கு மைனஸ் 15 டிகிரி. பெரிய கேமுக்கு பிளஸ் 10. இருபத்தைந்து டிகிரி வித்தியாசம். ஓவர்லாப் கூடக் கூட ஐடிலில் வெற்றிடம் குறையும். பழைய கேம் நன்றாக இருந்த நாட்களிலேயே எங்கள் ஊரில், ஐயாயிரம் அடி உயரத்தில், கேஜ் 8 அங்குலம்தான் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஒரு அங்குலம் குறையும் என்பது பொதுவான கணக்கு. சினமன் கணவாயில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நானே சொல்ல வேண்டுமா?

நண்பன் பேனாவைக் கீழே வைத்தான். "அப்ப அன்னிக்கு பெடல் கல்லு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னியே..."

"ஆமா."

"அப்ப ஏன்டா இதை முன்னாடியே சொல்லல?"

நான் உண்மையைச் சொன்னேன். கணக்குப் போடுவதற்கு முன்பே நான் சின்ன கேம் என்று முடிவு பண்ணிவிட்டேன். டார்க் எல்லாம் சாக்குதான். கண்ணாடியில் அவனைக் காணாத அந்த இரண்டு வினாடிதான் காரணம். பயந்தவன் என்று நினைப்பானோ என்று சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் தன் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "ரெண்டாவதையே ஆர்டர் போடு மாப்ள" என்றான். "நான் சொன்னதுக்கு சாரிடா" என்று முணுமுணுத்தான். அதை நான் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன்.

முதல் கேம், அந்தச் சாதாரண கம்பெனி கேம் ஏன் இல்லை என்றால், நடுத்தர கேம் ஐடிலில் பெரிதாக எதையும் பறிக்கவில்லை, மலைச்சாலையில் 3,000 பக்கம் கொஞ்சம் கூடுதலாக மூச்சு தருகிறது. இந்தப் பழைய ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வழி குறுகல் என்பதால் எக்ஸாஸ்ட் பக்கம் பத்து டிகிரி கூட இருப்பதும் நல்லது. லிஃப்ட் 0.420, 0.443 அங்குலம். அதனால் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றினால் போதும், ஹெட்டில் வேறு வேலை வேண்டாம்.

*

கேம் வந்தது. புது கேமுக்குப் பழைய லிஃப்டர் போடவே கூடாது, பதினாறும் புதிது. லிஃப்டரின் அடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் குவிந்திருக்கும், மேடு கொஞ்சம் சரிந்திருக்கும். அதனால்தான் லிஃப்டர் ஓடும்போது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சீராகத் தேயும். சுற்றாத லிஃப்டர் கேமைத் தின்றுவிடும். டிகிரி தட்டும் டயல் கேஜும் பெரியவரிடம் இரவல் வாங்கி அளந்தோம். அட்டையில் 107, எங்களுக்கு வந்தது 106. அதுவே போதும் என்று விட்டார்.

எண்ணெய் இன்னொரு கதை. 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்தில், சாதாரணமாக கார்களுக்குப் போடும் மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அது கெடுக்கிறது என்பதுதான் காரணம். ஆனால் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அந்தச் சேர்மம்தான் இந்த மாதிரி பழைய தட்டை லிஃப்டருக்குக் கவசம். அதனால் அது தூக்கலாக இருக்கும், முதல் ஓட்டத்துக்கென்றே விற்கும் எண்ணெயை ஊற்றினோம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் துளைபோடும் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, பதினாறு ராக்கரிலும் எண்ணெய் வருகிறதா என்று பார்த்தோம்.

முதல் இருபது நிமிடம்தான் கேமின் தலையெழுத்து. ஸ்டார்ட் ஆன உடனே 2,000-க்கு மேல் கொண்டுபோக வேண்டும். ஐடில் விடவே கூடாது. கேமின் மேல் எண்ணெய் தெறிப்பது கிராங்க் வேகமாகச் சுற்றும்போதுதான். கார்புரேட்டரில் முன்பே பெட்ரோல் நிரப்பி, டைமிங்கை நிற்கும்போதே சரி பண்ணி, ரேடியேட்டர் முன்னால் மேஜை ஃபேனை வைத்து (ஆமாம், மேஜை ஃபேன்தான்), சாவியைத் திருப்பினோம். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நண்பன் ஆக்சிலரேட்டரைப் பிடித்திருந்தான், நான் எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வேலி ஓரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிடம் யாரும் பேசவில்லை.

பிறகு எண்ணெயை வடித்து, ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பார்த்தோம். தூள் இல்லை.

மறுபடி ஸ்டார்ட் பண்ணி முதல் முறையாக ஐடிலில் விட்டோம். எழுநூறில் தையல் மிஷின் மாதிரி ஓடியது. கேஜில் 13 அங்குலம். நண்பன் பானெட் மேல் ஒரு டாலர் காசை நிறுத்தி வைக்கப் பார்த்தான், நின்றது. "கேவலமா இருக்குடா சத்தம்" என்றான், காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே.

*

செப்டம்பரில், பனி விழுவதற்கு முன், சினமன் கணவாய் போனோம். மொனார்க் கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் எஞ்சின் கொஞ்சம் சோர்ந்தது உண்மை. எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு வண்டி வரிசை கட்டியது. பெரிய கேம் இருந்திருந்தாலும் அந்த 3,000 ஆர்பிஎம்மில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்று தாளில் இருக்கிறது. ஆனாலும் ஹாரன் அடிப்பவரிடம் தாளைக் காட்ட முடியாதே.

லேக் சிட்டிக்கு மேலே லோவில் முதல் கியர். காலை எடுத்துவிட்டாலும் வண்டி பாட்டுக்குப் பாறை மேல் ஏறிக்கொண்டே போனது. ஒரு மோசமான திருப்பத்தில் நண்பன் கீழே இறங்கி வழி காட்டினான். இந்த முறை முன்னால், ஓரமாக. நாங்கள் சொல்லிவைத்துப் பேசிக்கொள்ளவில்லை, அவனாகவே அங்கே போய் நின்றான். மேலே நின்று கேஜைப் பார்த்தேன். ஐடிலில் 6 அங்குலம். இறக்கத்தில் கியரே வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஆக்சிலரேட்டரை விட்டதும் முள் நன்றாக மேலே ஏறியது. தேவைப்பட்டபோது பிரேக் பெடல் காலுக்குக் கட்டுப்பட்டது.

யாராவது இந்த மாதிரி எஞ்சின் கட்டப் போகிறீர்கள் என்றால் என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கேம் அட்டவணையைத் திறப்பதற்கு முன்னால் வண்டியின் எடை, கியர், டயர், நீங்கள் ஓட்டும் இடத்தின் உயரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு கேமுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள். கூட ஓட்டப் போகிறவரிடம் உங்கள் நிஜக் காரணத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு மூன்று நாள் வீணாய்ப் போனது.

டிசம்பரில் நண்பன் படிப்பு முடிந்து போகிறான். வண்டியில் அவன் பாதியை நான் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. போன வாரம் சாலையில் ஒரு பழைய டிரக் 'தட தட' என்று உறுமிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். அது திருப்பத்தில் மறையும் வரை பார்த்தோம்.

"நல்லாதான்டா இருக்கு" என்றான்.

"ஆமா மச்சான்" என்றேன்.